பலகையில் இருப்பவள் மாரியாயி

தம்பி,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று பின்னால் ஒருத்தரும் நழுவக்கூடாது. கோட்டு மாட்டிக்கொண்டு உன் மகன் செல்வராஜ். அவன் பெண்டாட்டி கலா. என் கையைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி நிஷா. கண்காட்சியைப் பார்த்துக்கொள்கிற தீபிகா, கோயமுத்தூர்ப் பெண். அப்புறம் நான். சுவரில் நீ வரைந்த பலகை. பலகையில் அவள்.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். இலங்கைச் சண்டைக்குப் போய்வந்த பட்டாளத்துக்காரர்கள் சொன்ன கதைகள், வரைந்த படங்கள் எல்லாம் ஓர் அறை முழுக்க. உள்ளே கால் வைத்ததுமே வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. நீ தேயிலைப் பெட்டிப் பலகையில் அடுப்புக்கரியால் போட்ட கோடு, ஊதினால் பறக்கும். அதன்மேல் பளபளவென்று பூசி, தங்கக் கலர் சட்டம் அடித்துவிட்டார்கள். பலகையில் மிச்சமிருந்த தேயிலை வாசம் போயே போய்விட்டது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

கீழே ஓர் அட்டை. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், நிஷா படித்தாள். "அடைக்கலம் கேட்டுக் கை உயர்த்திய பெண். அவளைக் காப்பாற்றிய வீரரே வரைந்த ஓவியம்."

"இன்னொரு தரம் படி" என்றேன். படித்தாள். அதேதான்.

காப்பாற்றினாயாம்.

நீ லீவில் வந்திருந்த அந்தக் காலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கீழ் கோத்தகிரித் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். நீ லயத்து வீட்டிலிருந்து தூக்குப்போசியில் எனக்கு டீ கொண்டு வந்தாய். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்பக்கமாகக் கூடைக்குள் வீசினேன். திரும்பிப் பார்த்தா வீசுகிறோம்? கை தானாகப் போகும். இலங்கைத் தோட்டத்தில் அம்மா பறித்ததும் அப்படித்தான். நம்மோடு கப்பலேறி வந்த அத்தனை பெண்களுக்கும் அதே கை.

"அக்கா, கையை இறக்கு!" என்று அலறினாய். போசி உருண்டு டீ எல்லாம் மண்ணில்.

"ஏன்டா, பட்டாளத்துல பேய் கீய் புடிச்சுக்கிச்சா?" என்று நான் சிரித்தேன். நீ செடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னாய்.

இலங்கையில் நீ காவல் நின்ற இடம். விடிந்தும் விடியாத நேரம், பனிமூட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி. தேயிலையே இல்லாத ஊர் அது. மலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு அங்கே ஒண்டியிருந்த சனம். சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு கீரை பறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கை நிறைந்ததும் பழக்கத்தில் தோளுக்கு மேலே வீசினாள். குண்டு எறிகிறாள் என்று நினைத்து நீ சுட்டாய்.

"நம்ம அம்மா கையைப் பாத்து நானே பயந்துட்டேன்க்கா" என்றாய்.

அவள் தாய் "மாரியாயி, மாரியாயி" என்று கத்திக்கொண்டு ஓடி வந்ததில்தான் பெயர் தெரிந்ததாம். நீ என்னவோ சொல்லிக் கும்பிட்டிருக்கிறாய். உன் தோட்டத்துப் பேச்சைக் கேட்டு அந்தத் தாய் அழுகையை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்துக் கேட்டாளாமே, "நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" உன்னால் பதில் சொல்ல முடியவில்லை. சாகிற வரைக்கும் முடியவில்லை.

அதை நீ ஒளித்தாயா? இல்லையே. சண்டைக் கதை கேட்டு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வாய். சோறு தின்கிற இடத்தில் செல்வராஜிடமும் சொன்னாய்: "அவ பேரைச் சொல்லாம எங்கேயும் என் பேரைச் சொல்லாதே." தலையாட்டினான். நான்தான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மியூசியத்தில் அந்தத் தலை ஆடவில்லை. "நிஷா, நான் அப்பா படத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன், ஒரு போட்டோ எடும்மா" என்றான்.

"போட்டோ இருக்கட்டும். இந்த அட்டையில யாரு பொய் எழுதினது?" என்றேன்.

"அத்தை, மெதுவா பேசுங்க" என்றாள் கலா.

"நான் மெதுவா பேசித்தான் இது சுவருல ஏறிருச்சு."

தீபிகா ஓடி வந்தாள். "ஏனுங்க பாட்டி, என்னாச்சுங்க?" உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார் சொன்னதைத்தானுங்க நாங்க எழுதினோம். மாத்திடலாமுங்க பாட்டி. படம் கொடுத்தவரு சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

எல்லாரும் செல்வராஜைப் பார்த்தோம். அவன் நிஷாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், பலகையை மட்டும் பார்க்கவில்லை.

"அத்தை, எம்பையன் கிளாஸ் பசங்களோட இங்க வரப்போறான். தன்னோட தாத்தா ஒரு பொம்பளையைக் கொன்னவருன்னு அவன் படிக்கணுமா?"

"படிக்கட்டும். உங்கப்பன் அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனுசனா இருந்தான்."

"இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."

"செத்தவளை ஒரு தரம் சுட்டது போதாதாடா?"

அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். கலா பின்னாலேயே போனாள். அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

நான் விடவில்லை. பஸ் ஏற முடிகிற நாளில் நிஷாவோடு போய், பலகைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அட்டையைப் படிக்கிறவர்களிடம், "அது பொய்ங்க. அவ பேரு மாரியாயி. கீரை பறிச்சுக்கிட்டிருந்தா" என்கிறேன். சிலர் நின்று கேட்கிறார்கள். சிலர் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நகர்ந்துபோகிறார்கள். தீபிகா என்னை எழுப்பிவிடுவதில்லை, டீ கொடுக்கிறாள். வீட்டில் முருங்கைக்கீரை உருவும்போது கை இன்னமும் தோளுக்கு மேலே போகிறது தம்பி. போகிறபோதெல்லாம் அவள் பெயர் வாயில் வருகிறது. உன் பெயர் அதற்கு அப்புறம்தான்.

நீ சுட்டதற்கு மன்னிக்க நான் யார்? அது அந்தத் தாயின் பாடு. தெரியாமல் எழுதிய பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. புருஷனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட கலாவைக்கூட ஒருநாள் வீட்டுக்குள் விடுவேன். தெரிந்தே மாரியாயியை மறுபடி புதைத்தவன் ஒருத்தன் இருக்கிறான். நீ பெற்ற பிள்ளை என்பதற்காகவும் விடமாட்டேன். என் சாவுக்கு வந்தாலும் வாசலோடு திரும்பட்டும், செல்வராஜ்.