கை விழுந்த இடம்

மார்ச் 4, புதன்

இன்றும் வானம்தான். ஒரு பட்டை சாம்பல், அதற்குக் கீழே ஒரு பட்டை வெளிறிய ஆரஞ்சு. நான் பூசிவிட்டு நகர்ந்ததும் அக்கா அகலக் கத்தியோடு வந்து மணலின் மஞ்சளை இழுப்பாள். பட்டறைச் சுவர் நெடுகச் சாய்த்த கேன்வாஸ்களில் ஒரே பாலைவனம். ஆள் இல்லை, மரம் இல்லை, வெறும் நிறம். ஏதோ ஹோட்டலின் படுக்கையறைகளுக்காம். படத்தின் பெயர் ‘உழைப்புக்குப் பின் ஓய்வு’. பார்க்கிறவருக்கு, நாளெல்லாம் வேலை செய்துவிட்டுக் காலை நீட்டிய சுகம் வர வேண்டுமாம்.

வரைகிற எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. உட்கார்ந்தால் கை சோம்பிவிடும் என்று மேனேஜர் எடுத்துப் போய்விட்டார். எந்நேரமும் எதையாவது அளந்துகொண்டே அலைவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டேப்.

“ஒட்டகம்கூட மணல்ல உக்காரும்டி” என்றாள் அக்கா, டேப் காதில் விழும்படியே.

மார்ச் 6, வெள்ளி

அக்காவின் கால் வீக்கம் முழங்கால்வரை ஏறிவிட்டது. இரண்டு வாரம் நிற்கவே கூடாது என்கிறார் டாக்டர். ஆர்டர் முடியட்டும், லீவைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறார் டேப். இருவரும் ஒரே மாதிரி நிதானமாகத்தான் சொல்கிறார்கள். வலிக்கிற கால் அவர்களுடையது இல்லையே.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா நின்றபடியே தூங்கிவிட்டாள். அப்படியே முன்னால் சரிந்து, ஈர மணல்மேல் கன்னமும் முழங்கையும் உரச, தரைவரை வழுக்கிக்கொண்டு போனாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். இமையெல்லாம் மஞ்சள். டேப் படத்தைத்தான் முதலில் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஹோட்டல்காரம்மா வந்தார். கெட்டுப்போன படத்தை டேப் ஒளிப்பதற்குள் அதன் எதிரே போய் நின்றுவிட்டார். மணலைக் குறுக்கே கிழித்துக்கொண்டு இறங்கும் அந்த இழுப்பை வெகுநேரம் பார்த்தார்.

“இதுதான் ஓய்வு. மத்ததெல்லாம் வெறும் மணல்” என்றார். எல்லா அறைக்கும் இதுவேதான் வேண்டுமாம்.

அக்கா மூலையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

“முந்தாநேத்து எப்படி விழுந்தியோ அப்படியே விழு.” டேப் சொன்னது இது. வேலைக்குச் சேரும்போது இதையும் சொல்லியிருக்கலாம்.

அக்கா விழுந்து பார்த்தாள். வரவில்லை. விழித்திருக்கிற கை தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கோடு விறைத்துப்போய் நிற்கிறது. சாயங்காலம்வரை பாழானவற்றை நானே சுரண்டினேன். அவள் கெண்டைக்கால் கல்லாக இருக்கிறது.

நான் டேப்பிடம் போனேன். அந்த இழுப்பை நான் கற்றுக்கொள்கிறேன், அக்காவுக்கு லீவு கொடுங்கள் என்றேன். முதலில் செய்துகாட்டு என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

எங்கள் அறை முழுக்கப் பழைய செய்தித்தாள். அக்கா கட்டிலில் படுத்து, காலைத் தலையணைமேல் ஏற்றிக்கொண்டு அதிகாரம் செய்தாள். முழங்கையில் துணி சுற்றிக்கொண்டு நான் சுவரோடு மல்லுக்கட்டினேன்.

“நீ கையைக் கொண்டு போறே. கொண்டு போகாதே. தோளை விட்டுடு.”

“விட்டா விழுந்துடுவேன்க்கா.”

“விழுறதுக்குத்தானே சம்பளம்?”

ரொம்ப நாள் கழித்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இருட்டுவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. மேலே அழுத்தம், நடுவில் தளர்ச்சி, கடைசியில் கை தானாக விட்டுப்போகிற இடம் — அப்படியே அவளுடையது. “இனி நான் நிம்மதியா தூங்குவேன்” என்றாள்.

மார்ச் 18, புதன்

டேப்பின் எதிரில் மூன்று படம் செய்து காட்டினேன். மூன்றும் சரி. மணலையும் நீயே இழுப்பாயா என்றார். இழுப்பேன் என்றேன், லீவு கிடைக்கிற அவசரத்தில்.

“அப்போ அக்காவை இனி வர வேண்டாம்னு சொல்லிடு. ஒரு வேலைக்கு ரெண்டு பேரு எதுக்கு?”

கையிலிருந்த கத்தியைத் துடைச்சேன். கத்துக்கொடுத்தது அவ. விழுந்ததும் அவ. அவ காலுக்காகத்தானே கேட்டேன் — அவ சோத்துல கை வைக்கவா கேட்டேன்?

வீட்டில் சொன்னபோது அக்கா கேட்டாள்: “மூணுலயும் கடைசி இடம் சரியா வந்துச்சா?”

மார்ச் 19, வியாழன்

இன்றும் போனேன். போகாமல்? நானும் வேலையை விட்டால் இந்த அறைக்கு வாடகை யார் கொடுப்பது?

மார்ச் 29, ஞாயிறு

அக்காவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. ஆனால் தூக்கம் வரவில்லை என்கிறாள். பகலெல்லாம் படுத்து விட்டத்தைப் பார்க்கிறாள். நான் வந்து கதவைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள், ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி.

ஏப்ரல் 8, புதன்

அக்காவுக்கு ஒரு சலவைக் கடையில் வேலை. இஸ்திரி போட வேண்டும். உட்கார்ந்தா, நின்றா என்று கேட்டேன். “இஸ்திரியை எவடி உக்காந்து போடுவா?” என்றாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கடைசி வண்டியில் படங்களை ஏற்றியாயிற்று. ஹோட்டல்காரம்மாவுக்குப் பரம திருப்தியாம். டேப் என்னை முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்கா ஆறரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். வார் காலில் பதிந்திருந்தது. மெல்லக் கழற்றினேன். கண் திறக்காமலே, “நாளைக்குச் சீக்கிரம் எழுப்பு” என்றாள்.

சரி என்றேன்.