பதினோரு கல்யாணங்களும் ஒரு தேதியும்

சனிக்கிழமை, இரவு பதினொன்று தாண்டிவிட்டது

அன்புள்ள அக்கா,

முதலில் உட்கார். உட்கார்ந்த பிறகு படி. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். நீயும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கு இரண்டு தடவை.

கடிதமா என்று சிரிக்காதே. நம் வீட்டு போன்தான் சபைக்கும் போன். நான் ஒரு வரி அனுப்பினாலும் அது அப்பாவின் கண்ணில் படும். அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி. நான் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, மிஞ்சிப்போன ஆராதனைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பினால் பாட்டு எண்கள் இருக்கும், கண்டுகொள்ளாதே. அப்பா இன்னும் தூங்கவில்லை. அலுவலக அறையின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிகிறது. நாற்காலி கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அப்பாவிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லாம் எனக்கும் கேட்டது. திருமணப் பதிவேட்டின் நகலை நீ நாலு தடவை கேட்டுவிட்டாய். கல்யாணம் நடத்த அப்பாவுக்கு அரசு தந்த உரிமத்தின் எண், அது எந்தத் தேதிவரை செல்லும் என்ற விவரம், எல்லாம் அதில் இருந்தால்தான் அத்தானிடம் போக விசா தருவார்கள் என்று சொன்னாய். அப்பா ஒரு தடவை பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார். இன்னொரு தடவை முத்திரையைக் காணோம் என்றார். ஏழு மாதம் ஆகிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று நீ அழுதாய். கடைசியில், 'உங்களுக்கு அவரை ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல, அதான் இழுத்தடிக்கிறீங்க' என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அப்பா சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். அது அடித்தால் கையைக்கூடக் கழுவாமல் எடுக்கிறார். நீ இல்லை என்று தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டு பேசுகிறார்.

அக்கா, அவர் இழுத்தடித்ததற்குக் காரணம் அத்தான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்றும் இன்றும் பெரிய சபையின் கூடத்தில் ஒரு வகுப்பு நடந்தது. சபைத் தலைவர்களுக்குச் சட்டமும் கணக்கும் நிர்வாகமும் சொல்லித் தரும் வகுப்பு. ஒவ்வொரு போதகரும் தன் செயலாளரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நமக்கு ஏது செயலாளர்? டிரம் செட் வாங்கியதற்குக் கோபித்துக்கொண்டு செயலாளர் மாமா போய் இரண்டு வருஷமாகிறது. அதனால் அப்பா எனக்குப் பள்ளியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'செயலாளர்' என்று அச்சடித்த அட்டையை என் கழுத்தில் மாட்டினார். பள்ளிச் சீருடையில் ஒரு செயலாளர். நீ பார்த்திருந்தால் ஒரு மாசம் என்னை ஓட்டியிருப்பாய்.

தூக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வகுப்பு எடுத்த வக்கீல் அம்மா ஒருவர் இருந்தாரே! குள்ளம், நரைத்த முடி, கையில் சாக்பீஸ். நான் யோசித்தே பார்க்காததையெல்லாம் கேட்டார். சபைக் கட்டடம் யாருக்குச் சொந்தம்? எத்தனை பேர் வந்தால் அது கூட்டம், எத்தனை பேர் வந்தால் வெறும் அரட்டை? காணிக்கைப் பெட்டியை ஏன் இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும்? 'அது திருடனைப் பிடிக்க இல்லீங்க பாஸ்டர், நல்லவன் பேரைக் காப்பாத்த' என்றார். நான் எழுதி எழுதி என் விரல் வீங்கிவிட்டது. பெரியவளானதும் இந்த வேலைதான் பார்க்கப்போகிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு திருமணப் பகுதி வந்தது. 'ஆண்டவர் மன்னிப்பார். பதிவாளர் மன்னிக்க மாட்டார், அவருக்கு ஃபாரம் வேணும்' என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, உங்கள் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள் என்றார். நாற்பது போதகர்கள் இருந்த கூடத்தில் மூன்றே பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் நம் அப்பா.

நம் அப்பா, அக்கா. என் பிறந்த நாளை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவர். அவருக்கு எப்படி ஒரு உரிமத்தின் தேதி மனப்பாடமாக இருக்கும்? தூக்கிய கையை அவர் பாதியிலேயே இறக்கிக்கொண்டார். யாரோ அதைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

உனக்குத்தான் என்னைத் தெரியுமே. ஒரு விஷயம் உள்ளே குத்த ஆரம்பித்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நேற்று ராத்திரி அப்பா தூங்கிய பிறகு அலுவலக அறைக்குப் போய் மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். தப்புதான். பைண்டிங்குக்குப் போன பதிவேடு அங்கேயேதான் இருந்தது. காணாமல் போன முத்திரை அதன் மேலே இருந்தது. அதற்கும் அடியில் உரிமம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. முடிந்த தேதியைப் படித்தேன். பதிவேட்டைப் பிரித்து உன் பக்கத்தைப் பார்த்தேன். மறுபடியும் தேதியைப் படித்தேன்.

உன் கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்னாலேயே அது முடிந்துபோயிருக்கிறது.

பயப்படாதே, உட்கார்ந்தேதான் இரு. இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அந்தத் தேதிக்குப் பிறகு அப்பா நடத்திய கல்யாணங்களை எண்ணினேன். பதினொன்று. உன்னுடையது நாலாவது. ஏழாவது நம் பேக்கரி அண்ணனும் அண்ணியும். அண்ணி கல்லாவில் நின்றுகொண்டு, 'அன்னிக்கு அந்தப் புக்குல கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேனே' என்று தினமும் கத்துவாள் இல்லையா? அந்தக் கையெழுத்து செல்லுமா என்பதே சந்தேகம் என்று தெரிந்தால் என்ன செய்வாள்? அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வாலை அத்தானின் பெயர்வரை இழுத்துவிட்டிருந்தாய். சிரிப்பு போய்விட்டது.

எப்படி இப்படி ஆனது என்றும் கண்டுபிடித்தேன். உரிமத்தோடு இருந்த பழைய விண்ணப்பத்தில் சபையின் முகவரி என்ற இடத்தில் செயலாளர் மாமாவின் வீட்டு முகவரி இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் அங்கேதான் போயிருக்கும். அவர் அப்போது டிரம் செட் கோபத்தில் இருந்தார். பிரித்தாரோ, கிழித்தாரோ. சபையின் முகவரியாக யாருடைய வீட்டு முகவரியையும் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் அம்மா சொன்னபோது ஏன் அப்பா மட்டும் குனிந்துகொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். நீ முதல் தடவை நகல் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு பதிவேட்டில் ஒரு கல்யாணம்கூட இல்லை. இரண்டு ஜோடிகள் வந்தார்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொண்டை சரியில்லை என்று சொல்லி இரண்டு ஜோடிகளையும் பெரிய சபைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஐம்பது நிமிஷம் பிரசங்கம் செய்தார்! அப்படியென்றால், உனக்காக நகல் எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவரே அந்தத் தேதியைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். திட்டாதே.

இன்றைக்கு வகுப்பில் ஒரு பிஸ்கட் டின் வைத்தார்கள். வெளியே கேட்கக் கூச்சப்படும் கேள்விகளைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். நான் இடது கையால் எழுதிப் போட்டேன். 'உரிமம் முடிந்தது தெரியாமல் ஒரு போதகர் திருமணம் நடத்திவிட்டால் அது செல்லுமா?' அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அதில் ஒன்று அவர் சொந்த மகளுடையதாக இருந்தால்?' என்று இன்னொரு வரியும் எழுதினேன். அப்பா என் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே வக்கீல் அம்மா அதைச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவும் நம் ஆராதனைத் தாள்தான். பின்பக்கம் சபையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவர் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. மற்ற சீட்டுகளை டின்னிலேயே போட்டவர், இதை மட்டும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். நல்ல மனதோடு வந்து நின்ற ஜோடியைச் சட்டம் தெருவில் விடாது. பிறக்கும் பிள்ளைக்கும் அதனால் ஒரு குறையும் வராது. இதன் கீழே நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். போதகர் தானாகப் பதிவாளரிடம் போய், பதிவேட்டையும் பட்டியலையும் வைத்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் மறுபடி கையெழுத்துப் போட்டால், வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தே போட்டு அனுப்பினாலும், பழைய தேதியிலிருந்தே செல்லும்படி செய்துகொடுப்பார்கள், இரண்டு மூன்று வாரத்தில் நகலும் கிடைக்கும். போதகருக்கு அபராதம் இருக்கும், கொஞ்ச காலம் உரிமம் தராமலும் போகலாம். 'தெரியாம செஞ்சது தவறு. தெரிஞ்சப்புறம் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அந்த நாள்லேர்ந்து அது குற்றம்' என்றார். பிறகு தாளைப் பார்க்காமல், எங்கள் பக்கமும் பார்க்காமல், 'சட்டம் சுலபம். ஒவ்வொரு வீட்டுக்கா போய்ச் சொல்றது இருக்கே, அதுதான் கஷ்டம்' என்றார்.

கிளம்பும்போது அவர் என் அட்டையை நேராக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, 'செயலாளரம்மா, அடுத்த தடவ வெள்ளைத் தாள்ல எழுதுங்க' என்றார்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். நம் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, 'யாரோ நல்ல கேள்வி கேட்டிருந்தாங்க, இல்ல?' என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நான் அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா? சபைக் குழுவில் இருப்பவர்கள் கோபப்பட்டு அவரைப் போகச் சொன்னால், இந்த வீடும் சபையுடையதுதானே, நாங்கள் எங்கே போவோம்? இதையெல்லாம் யாரிடம் கேட்பது? பிஸ்கட் டின்னும் இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அப்பா ஆலயக் கதவைப் பூட்டப் போனார். தாள் எடுக்கிற சாக்கில் அலுவலக அறைக்குள் போனேன். மேசை மேல் பதிவேடு திறந்திருந்தது. பக்கத்தில் அவர் கையால் எழுதிய பட்டியல். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று பிரித்துப் பத்து வீடுகள். பேக்கரி அண்ணனின் பெயருக்கு எதிரே 'கடை மூடியபின்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. புதன் காலை, பதிவாளர் அலுவலகம்.

உன் பெயர் முதலில் எழுதி அடிக்கப்பட்டிருந்தது. பிறகு கடைசியில் எழுதி அதையும் அடித்திருந்தார். மறுபடி மேலே, இடமே இல்லாத இடத்தில், நுணுக்கி எழுதி, மறுபடி அடித்திருந்தார். கடைசியில் ஓரத்தில், 'புதன் இரவு ரயில். நேரில்தான்' என்று இருந்தது. அந்தத் தாள் அந்த இடத்தில் மட்டும் நைந்துபோயிருக்கிறது அக்கா.

நாளைக் காலை ஆராதனைக்கு முன்னால் இதைப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். புதன்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும். அப்பா வியாழக்கிழமை காலையில் உன் வீட்டு வாசலில் நிற்பார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. ஒன்றும் தெரியாத மாதிரி இரு. அவர் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்ல விடு, நடுவில் நீ முடித்துவைக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மறுபடி கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவையும் வாலை அத்தானின் பெயர்வரை இழுத்துவிடு, அத்தான் அங்கிருந்து போட வேண்டிய கையெழுத்துக்கு இடம் விட்டு.

அலுவலக அறை வெளிச்சம் அணைந்துவிட்டது. அப்பா வருகிறார் போலிருக்கிறது.

இல்லை, தண்ணீர் குடிக்கத்தான். போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சமையலறை விளக்கை அணைக்காமல் போயிருக்கிறார்.

அவர் ரயிலில் ஒன்றும் சாப்பிட மாட்டார். முகம் கழுவாமல், பையைக்கூடக் கீழே வைக்காமல், கூட்டத்தின் முன்னால் நிற்கிற மாதிரி நின்றுகொண்டேதான் ஆரம்பிப்பார். அக்கா, அவரை முதலில் உட்காரச் சொல்.

உன் முத்தத்துக்கும் குட்டுக்கும் காத்திருக்கும்,
குண்டூசி