விறகுக்காரர் வாங்கிய பெல்லட் மூட்டை

கொய்யைக்கே,
ஜூலை, ஞாயிறு

அன்புள்ள யெர்கோ,

இங்கே எல்லோரும் நலம். போனில் ‘அடுப்பு’ என்ற சொல் வந்ததுமே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சுரங்க முகாமில் ஆற அமர உட்கார்ந்து படி. பாதியில் மடித்து வைக்காதே.

பழைய இரும்பு அடுப்பைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது அரசாங்கத்தின் விதி. அது நம் கல்யாணத்துக்கு உன் அப்பா தந்த அடுப்பு என்று எனக்கும் தெரியும். இழுப்பு வந்து உட்கார்ந்தபடியே தூங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வேறென்ன செய்ய? அன்றிலிருந்து மாமா நம் வாசல்படி மிதிக்கவில்லை. “விறகு விக்கிறவன் வீட்டு மருமக மாட்டுத்தீவனத்தை எரிக்கிறா”ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம்.

புதிய அடுப்பைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். மரத்தூளை அழுத்தித் தீவனக் குச்சி போலச் செய்த பெல்லட் என்பதால் புகையே இல்லை, சாம்பலும் ஒரு கைப்பிடிதான். இந்தக் குளிர்காலத்தில் நம் ரயேன் ஜூன் முழுக்கப் பள்ளிக்குப் போனாள். குறையும் உண்டு. கரண்ட் போனால் அணைந்துவிடும். கெட்டில் வைக்க மேலே இடமில்லை. மூட்டைகள் வடக்கிலிருந்து லாரியில் வர வேண்டும், பனியில் பாதை அடைத்தால் கடை காலி.

போன வாரம் பனியில் மின்கம்பி அறுந்தது. சாயங்காலத்துக்குள் வீடு விறைத்துப்போனது. வேறு வழியில்லாமல் பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். “என்ன மருமகளே, தீவனம் தீந்துபோச்சா?”ன்னு கேட்டார். ரயேனை அடுப்போரம் உட்காரவைத்து, பெரிய கட்டையாகப் பார்த்துத் திணித்தார். ஈர விறகு, வீடெல்லாம் புகை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலமாகிவிட்டது.

இதை நாம் சொல்லித்தான் உன் அப்பா கேட்டிருக்கிறார், யெர்கோ. கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. விறகு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் “மெல்ல இழு கண்ணு, மெல்ல”ன்னு சொல்லிக்கொண்டே வந்தார். மருந்துப்புகை வைத்ததும் அவள் தெளிந்தாள். வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ரயேன் இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதே.

வியாழக்கிழமை பெல்லட் லாரி வந்தது. பக்கத்து வீட்டு சொய்லா ஓடிவந்து, “உன் மாமா வரிசையில நிக்கிறார்”ன்னாள். “என்ன எர்மினியோ ஐயா, உங்க விறகு உங்களுக்கே எரியலையா?”ன்னு ஒருவன் சீண்டினானாம். கோழிக்கூண்டில் பரப்ப என்றாராம் இவர். “கோழிக்கு என்ன வயசு?”ன்னு அவன் விடாமல் கேட்க, “ஏழு. ரெண்டாங்கிளாஸ் படிக்குது. வாயை மூடிட்டு நகருடா”ன்னாராம். வரிசையே சிரித்ததாம்.

மூட்டைகளை நம் சமையலறையில் இறக்கிவிட்டு மாத்தேத் தேநீர் குடித்தார். இந்த அடுப்பு நிலைக்குமா என்று கேட்டார். லாரி வந்தால் நிலைக்கும், வராவிட்டால் தெரியாது என்றேன். அவர் விறகை விடப்போவதில்லை. அடுத்த வருஷத்துக் கட்டைகள் நன்றாகக் காயட்டும் என்று கூரை போட ஆள் தேடுகிறார்.

கிளம்பும்போது கதவருகே நின்று, “எனக்காக அவன் உன்கிட்ட மூஞ்சியத் தூக்கிவச்சிருக்க வேணாம்னு எழுது”ன்னார். எழுதிவிட்டேன்.

போன இரண்டு விடுப்பிலும் கூடுதல் வேலை என்று அங்கேயே இருந்துவிட்டாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த விடுப்புக்கு வந்துவிடு. பாறைக்கடியில் கடவுள் உன்னைக் காக்கட்டும். வீடு சூடாகத்தான் இருக்கிறது.

உன்
மாரிபெல்