படுத்தபடி எடுத்த படம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? வாந்தி நின்றதா? வயிற்றில் இருப்பது உதைக்க ஆரம்பித்துவிட்டதா? போனிலேயே கேட்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பாவின் கட்டிலுக்கும் நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அவர் காதில் விழும். அதனால் இதை எழுதி, இங்கே எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் கொடுத்து, போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். முதலில் உட்கார்ந்துகொள், பிறகு படி.

அப்பாவுக்குப் போன வாரம் குடலில் ஆபரேஷன் நடந்தது. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார். மாசமா இருக்கிற புள்ள, பயந்துடுவா என்றார். நீ கேட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று புளுகினேன். இத்தனை தடவை குளிக்கிற மனுஷனா அவர் என்று உனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அவர் ரிட்டயர் ஆகும்வரை எக்ஸ்ரே எடுத்த அதே ஆஸ்பத்திரிதான். இங்கே இன்னும் அவரை 'படக்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வார்டில் ராஜ உபசாரம். நானும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டேன். கடைசியில் அதுவே வினையாகிவிட்டது.

வயிற்றைத் திறந்து மூடினால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கிவிடுமாம். நாளாக ஆக அது குறைய வேண்டும். குறையாமல் கூடினால் உள்தையல் விட்டுப்போயிற்று என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் பார்க்கத்தான் மெஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு வந்து படம் எடுக்கிறார்கள். ஆளைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் காற்று மேலே ஏறி, நுரையீரலுக்கு அடியில் கருப்பாகத் தெரியும். படுத்திருந்தால் பரவிக் கிடக்கும், சுலபத்தில் பிடிபடாது. எனக்கு இது இன்று காலையில்தான் தெரியும். உன் அப்பாவுக்கு இதுதானே பிழைப்பு!

தெரிந்த மனுஷன் என்ன செய்தார் என்று கேள். படம் எடுக்கும் பெண் அவரிடமே தொழில் கற்றவள். உக்காந்தா தையல் இழுக்குதும்மா, படுத்தாப்லயே எடுத்துடு, டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன் என்று முந்தாநாளும் நேற்றும் அவளை ஏய்த்திருக்கிறார். சார் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டரிடம் இவர் சொல்லவே இல்லை. படத்தில் ஒன்றும் இல்லை, இரண்டு நாளாக அடிக்கும் காய்ச்சல் நெஞ்சுச் சளியால்தான் இருக்கும் என்று டாக்டர் மருந்தை மாற்றினார். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன்.

ஆனால் வயிறு பலகை மாதிரி இறுகிக்கொண்டே போனது. இன்று படம் எடுக்கும்போது டாக்டரே வந்து பக்கத்தில் நின்றார். நிமிர்த்தி எடுத்தார்கள். வலது பக்கம் அகலமாகக் கருப்பு தெரிந்தது. தையல் விட்டிருக்கிறது. அந்தப் பெண் மெஷினைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்ட வேண்டியவரைத் திட்டினேன்.

ஏங்க இப்படிப் பண்ணீங்க என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: திரும்பத் திறந்த வயித்தையெல்லாம் நான்தாண்டி படம் எடுத்தேன், ஒருத்தர் தேறி நான் பாக்கல, என்னை இப்படியே விட்டுடு என்று. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தேறினவங்களுக்கு அத்தனை படம் எதுக்கும்மா, அவங்க நடந்து வீட்டுக்குப் போயிட்டாங்க, இவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது தேறாதவங்களுக்குத்தானே என்றார்.

இதை நான் சொன்னால், உனக்கு என்னடி தெரியும் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் திறந்தால் பிழைக்க வழி இருக்கிறதாம். உறுதி சொல்ல முடியாது, ஆனால் விட்டுவிட்டால் வழியே இல்லை என்கிறார் டாக்டர். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவரோ கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவைத் தள்ளிவிட்டார்.

படித்த உடனே கூப்பிடும்மா. போனை அவர் காதில் வைக்கிறேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொல். அழாதே. அழுதால் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், பேச்சு மாறிப்போகும். கோபமாகப் பேசு, அதட்டு. உன் அதட்டலுக்குத்தான் அவர் அடங்குவார்.

நீ நிறைவாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், என் கண்ணே. இந்த மனுஷனோடு மல்லுக்கு நின்றே எனக்குக் காலம் ஓடிவிட்டது. அந்த வீட்டுக்குத் தனியாகப் போய் நான் யாரோடு சண்டை போடுவேன்? அங்கே என்ன மணி என்று பார்க்காதே. கூப்பிடு, தாயே.

உன் அம்மா