இருபது பேருக்கான காப்பி

குவைத்,
14 ஜனவரி 1983

அன்பு மகன் ஃபவ்வாஸுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்குச் சுகம்தான். மான்செஸ்டர் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே ஐந்து வேளையும் என் துஆ. படிப்பை நிறுத்திவிட்டு வந்து வாப்பாவோடு இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை அவரிடம் காட்டவில்லை, என் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பதில் சொல்லுமுன் இங்கே நடப்பதை உள்ளபடி எழுதுகிறேன்.

மனாக் பங்குச் சந்தை விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. கையிலுள்ள செக்குகளை எல்லோரும் பதிய வேண்டும் என்று அரசு சொன்னபோது வாப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பாவின் பங்குகளை வாங்கிக்கொண்டு பூ மிஷாரி அடுத்த வருடத் தேதி போட்டுத் தந்த செக் அவரிடம் இருந்தது. பதியாவிட்டால் நம் கடனுக்கு வீடு போகும், பதிந்தால் அந்தச் சிறு வயதுச் சிநேகிதன் போவான். பதிந்தார். பூ மிஷாரியின் கடைகளை முடக்கினார்கள். அன்றோடு அவர், மாலையில் ஆண்கள் கூடும் நம் திவானிய்யாவுக்கு வருவதை நிறுத்தினார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் பக்கத்திலிருந்தவரின் செக் இருந்தது, அப்புறம் எப்படி முகம் பார்ப்பது? முன்பெல்லாம் அவர்கள் போடும் சத்தத்தில் என்னால் விடைத்தாள் திருத்த முடியாது. "உம்மு ஃபவ்வாஸ், இது காப்பியா ஏலக்காய்க் கஷாயமா? ஒட்டகத்துக்குக் குடுத்தா எந்திரிச்சு ஓடிரும்!" என்று பூ மிஷாரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். இவர்கள் கிளம்ப மாட்டார்களா என்று எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் வாப்பா இருபது பேருக்குக் காப்பி போடச் சொல்கிறார். மூன்று பேருக்குப் போடட்டுமா என்றேன். "நீ அளந்து போட்டா வர்றவனும் வரமாட்டான்" என்றார். காப்பி ஊற்றுகிற ஆளையும் ஊருக்கு அனுப்பிவிட்டோம். மாலையில் அவரே கதவைத் திறந்து வைத்து, தலைத்துணி கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காருகிறார். பிறகு ஆறிய காப்பியை நான் தொட்டியில் கொட்டுகிறேன். 1929இல் நியூயார்க்கில் சந்தை விழுந்ததைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன் மகனே. எத்தனை வங்கி மூடியது என்று புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை வீட்டுக்கு விருந்தாளி வருவது நின்றது என்று இல்லை.

போன வியாழக்கிழமை மாலை பூ மிஷாரியின் கார் வந்தது. அதன் வெளிச்சம் திவானிய்யா சுவரில் விழுந்ததும் வாப்பா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். கார் இயங்கியபடியே வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். வாப்பா உட்காராமல் அப்படியே நின்றார். அடுக்களைச் சன்னல் வழியே பார்த்த எனக்குப் பொறுக்கவில்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். இருபத்திரண்டு வருடத்தில், காலையில் பெருக்குவதற்குத் தவிர நான் அந்த அறைக்குள் போனதில்லை. பூ மிஷாரியின் இடத்தில் உட்கார்ந்தேன். "இது பொம்பளைங்க வர்ற எடமா?" என்றார். "ஆம்பளைங்க வந்ததும் எந்திரிச்சுப் போயிடறேன்" என்றேன். சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! காப்பி ஊற்றித் தந்தார், குடித்தேன், மறுபடி ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் தர வேண்டும். ஆட்டினால் அவர் கூஜாவைக் கீழே வைத்துவிடுவார். நான் ஆட்டவே இல்லை. இருவருக்கும் ஒரே சோடிச் செருப்பு, ஆளுக்கு ஒரு நாள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனோம் என்று பூ மிஷாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். செக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதனால் நீ வர வேண்டாம். படிப்பை முடி. திவானிய்யாவில் உட்கார நான் இருக்கிறேன். எனக்கு யார் துணை என்று நீ கேட்பாய். பூ மிஷாரியின் மனைவி உம்மு மிஷாரிக்குப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து மேசைதானே, இப்போதெல்லாம் அவள் இடைவேளை முழுதும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்றைக்காவது என் பக்கம் திரும்புவாள்.

கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. நல்ல மனிதர்கள் உன்னைச் சூழ்ந்திருக்க அல்லாஹ் அருளட்டும். ஒன்றை மறந்துவிடாதே: வியாழன் மாலை போன் செய்யும்போது வீட்டு எண்ணுக்குச் செய்யாதே, திவானிய்யா எண்ணுக்குச் செய். அங்கே மணி அடித்து வெகு நாளாகிறது. உடனே வைத்துவிடாமல் அடிக்க விடு. அவர் எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வந்து எடுக்கட்டும்.

உன் உம்மா,
ஹஸ்ஸா