கவிழ்த்தாலும் சிந்தாதது

ஓசூர்,
18.11.1997

அன்புள்ள அற்புதமேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நலமே. உன் மூட்டுவலி தேவலையா?

போன வருஷம் கம்பெனி லேபில் இரண்டு பெப்டைடுகளைக் கலந்து வைத்தேனே, நினைவிருக்கிறதா? புரதத்தின் சிறு துண்டுகள்தான் அவை. தனித்தனியே தண்ணீராகவே கிடக்கும். கலந்து அசைக்காமல் வைத்தால் தாமாகவே இழையிழையாகப் பின்னிக்கொண்டு நுங்கு போல உறைந்துவிடும். சரக்கைக் கெடுத்ததாக மேனேஜர் மெமோ கொடுத்தார். "பிள்ளை படிப்பு இருக்கு, அனுசரிச்சுப் போங்க" என்று நீ எழுதினாய். நானும் மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன்.

நேற்று பெங்களூரிலிருந்து வந்தவர்கள் முன்னால் மேனேஜர் அதே கலவையைக் கண்ணாடிக் குழாயோடு கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. தன் கண்டுபிடிப்பு என்றார். பிறகு தனியாகப் போய், அது நான் கலந்ததுதானே என்று கேட்டேன்.

"என்ன சவரியப்பன், தப்புப் பண்ணிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே!" என்று சிரித்தார்.

கவலைப்படாதே, சண்டை போடவில்லை.

இங்கே குளிர் அதிகம். பழைய கம்பளியும் நீ இடித்த இட்லிப்பொடியும் அனுப்பு. அந்த மன்னிப்புக் கடிதத்தின் நகலை உனக்கு அனுப்பியிருந்தேன், அதையும் சேர்த்து வை. நான் சரியாகச் செய்த ஒரே வேலைக்கு எப்படி மன்னிப்புக் கேட்டேன் என்று படித்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

சவரியப்பன்