பலகை ஊறும் மட்டும்

2017 செப்டெம்பர் 12, செவ்வாய்

நான் வேலை செய்யும் சின்யோரா ஆகத்தா வீட்டில் இன்று பதினொரு யன்னலும் துடைத்தேன். லிபெர்த்தா தெருப் பணக்கார வீடுகளில் யன்னலுக்குக் குறைவில்லை. களைத்துப்போய்க் கால்சாவில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாடி ஏறினால் கதவிடுக்கில் கடிதம். வீட்டுக்காரர் அனுப்பியது. ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறதாம், புதுப்பிக்கமாட்டாராம். எங்கள் தெருவில் இது நாலாவது வீடு. எல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகை அறைகளாகின்றன.

இவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்றார்.

பதினேழு வருசத்துக்கு ஒரு பாப்பம்.

செப்டெம்பர் 14

மகள் சிவதர்சினிக்குச் சொன்னேன். பொலோஞ்ஞாவில் தாதிப் படிப்புக்குப் போய் மூன்று வருடமாகிறது. "அப்ப என்ரை கமெரா அம்மா?" என்றாள். கமெரா என்றால் அவளுடைய அறை. எத்தனை ஊரில் படுத்தாலும் அவளுக்கு அறை என்றால் அது ஒன்றுதான்.

ஒக்ரோபர் 1, ஞாயிறு

"வெளிக்கிடும், ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போவம்" என்றார் இவர். அந்தக் கடற்கரை ஊருக்கு மீன் சாப்பிடத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி, தான் வேலை செய்யும் படகுப் பட்டறைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஒரு பழைய மரப்படகு. முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. பத்து மீற்றர் நீளம் இருக்கும். பெயின்ற் உரிந்து சாம்பல் நிறம். முன்பக்கத்தில் ஒரு செடி முளைத்து என் முழங்கை உயரத்துக்கு நின்றது. சொந்தக்காரர் செத்துப்போய்ப் பிள்ளைகள் கைவிட்டது. ஆர் வேணுமெண்டாலும் எடுக்கட்டும், எனக்கு இடம் வேணும் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். இவர் புதன்கிழமையே ஓம் சொல்லிவிட்டார்.

போனில் படங்கள் காட்டினார். இவருடைய சிநேகிதர் றோபேட் பேர்மிங்ஹாமிலிருந்து அனுப்பியவை. வாய்க்காலில் ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கிய நீளப் படகுகள். கூரையில் பூச்சாடி, புகைபோக்கி, உள்ளே கட்டில், அடுப்பு. குடும்பமாக அதிலேயே குடியிருக்கிறார்கள்.

"இஞ்சை வாய்க்கால் எங்கை?" என்று கேட்டேன்.

"கடல் இருக்குத்தானே."

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?"

இவர் படகின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் சாப்பிடவில்லை. பஸ்ஸிலும் கதைக்கவில்லை.

ஒக்ரோபர் 3

இன்றும் கதைக்கவில்லை.

ஒக்ரோபர் 22, ஞாயிறு

ஜோக்கிம் வந்திருந்தார். இவரோடு பட்டறையில் வேலை செய்பவர். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, மனுசன் வடிவாத்தான் செய்யுது. உக்கின பலகை ஒன்பதும் கழட்டியாச்சு" என்றார்.

"ஒன்பது உக்கினதெண்டால் மிச்சம் என்ன தம்பி இருக்கு?"

சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பலில் கால் வைத்தாலே எனக்குத் தலை சுற்றும் என்பது இவருக்குத் தெரியும். தெரிந்தும்—

நவம்பர் 19

இந்த மாதம் பார்த்த வீடுகள் ஐந்து. போனில் கதைக்கும்போது எல்லோருக்கும் நல்ல குரல். நேரில் போனால், "அடடா, நேற்றுத்தான் கொடுத்தோம்." ஐந்தாவது வீட்டில் என் பெயரைக் கேட்கமுதலே சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 8, வெள்ளி

மாதா பெருநாள் விடுமுறை. பெட்டி கட்டினேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் பல்கனியில்தான் நின்றேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு இந்த வீட்டுக்கு வந்த கிழமை. கீழே மரக்கறி வண்டிக்காரன் கூவுகிறான். நாட்டுக்கு வந்து ஐந்து வருசம், வீட்டோடு இருந்ததில் எனக்கு மொழி தெரியாது. எதிர்வீட்டுக்காரி தன் பல்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கிக் காட்டினாள். அடுத்த நாள் நானும் இறக்கினேன். என்ன வேணும் என்று சொல்லத் தெரியாமல் காசை மட்டும் போட்டு இறக்கினேன். அவன் தக்காளியும் ஒரு கட்டுக் கீரையும் மிச்சக் காசும் வைத்து அனுப்பினான். எத்தனை மாதம் அவன் நினைத்ததைத்தான் நாங்கள் சமைத்தோம்.

தர்சினிக்கு நாலு வயதில் அவள் தன் பொம்மையைக் கூடையில் வைத்து இறக்கிவிட்டாள். முட்டைக்கோவா இலையில் தொப்பி போட்டுப் பொம்மை திரும்பி வந்தது. அவள் அன்று முழுக்கப் பொம்மையை இறக்கினாள். மனுசன் முகம் சுளிக்காமல் தொப்பி போட்டான்.

ஜூலையில் சாந்தா றொசாலியா திருவிழா வாணவேடிக்கைக்கு மொட்டைமாடிக்கு ஏறுவோம். இவர் தர்சினியைத் தோளில் வைத்திருப்பார். அவள் இவருடைய இரண்டு காதையும் பிடித்துக்கொள்வாள்.

இதையெல்லாம் வைத்துக் கட்டுவதற்குப் பெட்டி இல்லை.

2018 ஜனவரி 21

சின்யோரா ஆகத்தா இன்று தானாகவே கேட்டார். வீட்டில் ராணி, அவருக்கு நான் பவளா. "பவளா, நீ இங்கேயே வந்து தங்கு. பின்அறை சும்மாதான் கிடக்கு." பிறகு, "நீ மட்டும்" என்றார்.

இவருக்குச் சொன்னேன். இவர் யோசித்துவிட்டு, "குளிருக்கு உமக்கு அதுதான் நல்லம். நான் வள்ளத்துக்குள்ளை படுப்பன்" என்றார்.

போகவேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டையாவது பிடிச்சிருப்பன்.

ஜனவரி 31, புதன்

வீட்டுத் திறப்பை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் வெறும் அறைகளில் நடந்து பார்த்து, "சுத்தமாக வைத்திருந்தீர்கள்" என்றார். கையொப்பம் போட்டேன்.

பெப்ரவரி 18, ஞாயிறு

சின்யோரா வீட்டில் அறை சூடாக இருக்கிறது. கட்டில் மெத்தென்று இருக்கிறது. மணி அடித்தால் எழும்பவேண்டும்.

ஞாயிறு பின்னேரம் மட்டும் எனக்கு விடுதலை. கடற்கரைப் புல்வெளியில் இவரைச் சந்திக்கிறேன். இருப்பது அதே வாங்கில், அதே நேரத்தில். இன்று இரண்டு தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். உரித்துச் சுளை சுளையாகத் தந்தார். நகம் எல்லாம் பெயின்ற்.

கலியாணத்துக்கு முதல் நாங்கள் இப்படிச் சந்தித்ததே இல்லை. படம் பார்த்துச் செய்த கலியாணம். ரோம் விமான நிலையத்தில் ஒரு பெரிய குளிர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேர் போடக்கூடிய அளவு. "அளவு தெரியேல்லை" என்றார். அதுதான் இவர் என்னோடு கதைத்த முதல் கதை.

பஸ் வந்ததும், "வாறன்" என்றேன். ஆறு மணிக்குப் பிரிந்து போகும் புருசன் பெண்சாதி.

மார்ச் 11, ஞாயிறு

மழை. வாங்கில் இருக்க முடியாது. அதனால்தான் பட்டறைக்குப் போனேன், வேறு ஒன்றுக்காகவும் இல்லை.

படகு இன்னும் முட்டில்தான் நிற்கிறது. இவரும் ஜோக்கிமும் பலகை இடுக்குகளில் பருத்தித் திரி வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். செடி இல்லை. வெளியே வெள்ளை, கீழே சிவப்பு.

ஏணியில் ஏறி உள்ளே போனேன். தலை தட்டும் என்று குனிந்தேன். தட்டவில்லை. இடப்பக்கம் கட்டில், கீழே இழுப்பறை. வலப்பக்கம் குசினி. இரண்டு அடுப்பு, ஒரு சின்னத் தொட்டி. சும்மா அந்த அடுப்புப் பலகையில் கையை வைத்தேன். கை மடங்காமல், தோள் உயராமல், இருந்த இடத்தில் இருந்தது.

கால்சா வீட்டுக் குசினி மேடை உயரம். பதினேழு வருசமும் ஒரு மீன் பெட்டிக்கு மேலே ஏறி நின்றுதான் சமைத்தேன். சின்யோரா வீட்டிலும் நுனிக்காலில்தான் நிற்கிறேன். அதை ஒரு குறையாக யாரிடமும் சொன்னதில்லை.

"பலகை பதிவா, எனக்கு அளவா இருக்கு" என்றேன்.

"ஓம். எனக்குத்தான் குனியவேணும்" என்றார் வெளியே இருந்து. சுத்தியல் சத்தம் நிற்கவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

நேற்று காலை படகைக் கடலில் இறக்கினார்கள். நான் போகவில்லை, சின்யோராவுக்கு விருந்தாளிகள். இன்று போனேன்.

இறங்குதுறையிலிருந்து பார்க்கவே படகு தாழ்ந்து தெரிந்தது. இவர் உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். பம்ப் காலையிலேயே நின்றுவிட்டதாம். ஜோக்கிம் வேறு பம்ப் தேடி நகரத்துக்குப் போயிருந்தார். கிட்டப் போய்ப் பிடித்தால் உடம்பு கொதிக்குது. காய்ச்சலோடை நிண்டு இறைக்கிறார் மனுசன்.

"தாழப்போகுது. வெளியிலை வாங்கோ."

"தாழாது. காய்ஞ்ச பலகை. தண்ணி குடிச்சு ஊதினால்தான் இடுக்கு மூடும். மூண்டு நாள் செல்லும். அதுமட்டும் இறைச்சால் சரி."

சப்பாத்தைக் கழற்றினேன். மற்ற வாளியை எடுத்தேன். ஏப்ரல் தண்ணீர் எலும்பு வரை போனது. நான் அள்ளிக் கொடுக்க அவர் ஊற்றினார். எவ்வளவு நேரமோ. தண்ணீர் குறைவதாகத் தெரியவில்லை, கூடுவதாகவும் தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்தது. கோபம்தான் அப்படி வந்தது.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

ஒக்ரோபரில் கேட்ட அதே கேள்வி. இவர் வாளியோடு நின்றார்.

"கேட்டால் நீர் வேண்டாம் எண்டுவீர்."

"ஓம், எண்டிருப்பன். அதுக்கு?"

"ஐம்பது வயசிலை திரும்பவும் ஒருத்தன்ரை திறப்பை வாங்கி, ஒருத்தன்ரை திறப்பைக் குடுத்து... என்னாலை ஏலாதெண்டு பட்டுது. உம்மைக் கேட்டிருக்கவேணும். பிழைதான் ராணி."

இந்த மனுசன் பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "வாளியைத் தாங்கோ" என்றேன். "அதிலை ஏறி இருங்கோ. நான் இறைக்கிறன்."

ஜோக்கிம் பம்போடு வர ஐந்து மணியாகிவிட்டது. சின்யோராவுக்குப் போன் எடுத்து, இன்றைக்கு வரமாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 18

மூன்று நாள் அல்ல, நாலு நாள். இன்று காலையிலிருந்து பம்ப் ஓடவில்லை. காய்ச்சலும் விட்டுவிட்டது.

மே 13

சின்யோரா முகத்தை நீட்டினார். காலை எட்டுக்கு வந்து நாலுக்குப் போகிறேன், இரவு தங்கமாட்டேன் என்றேன். "படகிலா? உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். பிறகு ஒரு பழைய கம்பளிப் போர்வையைத் தானே எடுத்து மடித்துத் தந்தார்.

மே 16

சத்தி. மூன்றாம் நாளாகப் படகு ஆட ஆடச் சத்தி. எலுமிச்சம்பழத்தை மணந்துகொண்டு இறங்குதுறையில் இருந்து எழுதுகிறேன். இவர் எதிரில் இருந்து ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரிக்கிறார். சொல்லாமலிருப்பது நல்லது.

ஜூன் 10

வீடென்றால் ஒருமுறை வெள்ளையடித்தால் ஐந்து வருசம் கிடக்கும். இதற்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது செய்யவேண்டும். கயிறு தேயும், திருகாணி துருப்பிடிக்கும், உப்பு எல்லா இடமும் பூக்கும். இவர் எஞ்சினைப் பார்க்கிறார். யன்னல் மரத்துக்கு வார்னிஷ் அடிப்பது என் வேலையாகிவிட்டது. யார் தந்த வேலை என்று தெரியவில்லை. வேறு ஒருவர் அடித்தால் எனக்குப் பிடிக்காது என்று மட்டும் தெரிகிறது.

ஜூலை 3

சின்யோராவுக்கு மருந்து வாங்கப் போனவள் கால்சா வழியாக நடந்தேன். தேவையில்லாத சுற்று. எங்கள் பல்கனியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கால்களைக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகம் வாசித்தாள். சுவரை மஞ்சளாக்கியிருந்தார்கள். கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் என்னைக் கண்டு கை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

ஜூலை 8, ஞாயிறு

காற்றில்லை. கடல் அசையாமல் கிடக்கிறது. இவர் ஜோக்கிமோடு வலை பார்க்கப் போய்விட்டார். படகில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தர்சினி போன் எடுத்தாள். ஓகஸ்ற்றில் வாறாளாம், பத்து நாள்.

"எங்கை அம்மா நிக்கிறீங்கள்?"

"வீட்டை நிக்கிறன்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல.

அவள், என்ன சமையல் என்று கேட்டாள்.